கண்ட்ரோல் அக்காவின் ரத்தம்

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவர் கண்ட்ரோல் அக்கா. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும்; அதைத்தான் கண்ட்ரோல் என்போம். பதினெட்டு வருடமாக அதற்குத் தன் கையையே நீட்டி வந்தவர். அதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் சண்டை வந்தால்கூட, என் ரத்தத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்று வீட்டுக்காரரின் வாயை அடைத்துவிடுவாராம்.

அன்று ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. உடம்பில் மாறி மாறிக் கட்டி, சீழ். வெள்ளையணுக்களுக்குக் கிருமியைக் கொல்லத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் பிறவிக் கோளாறு, வாழ்நாள் முழுக்க மருந்து. பயந்துபோயிருந்த அம்மாவை எதிரே உட்காரவைத்து அக்கா பாடம் நடத்தினார். வெள்ளையணுவில் ஒரு நொதி உண்டு. அதன் புரதத் துண்டுகள், அக்காவின் நாத்தனார்கள் மாதிரி, ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். எதிரி வந்துவிட்டால் ஒன்றுகூடி, சாதுவான ஆக்சிஜனுக்கு வெறியேற்றி அவன்மேல் ஏவும். அப்படி நடந்தால் நாம் போடும் மஞ்சள் சாயம் அணுவுக்குள் நீலமாகும். பேசிக்கொண்டே குழந்தையின் ரத்தத்திலும் தன் ரத்தத்திலும் சாயத்தைக் கலந்தார்.

அரை மணி கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், குழந்தையின் அணுக்களில் நீலமே இல்லை. அக்காவின் முகம் வாடியது. அடுத்துத் தன் ரத்தத்தைப் பார்த்தார். அதிலும் இல்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தவர், போன மாதச் சளி, ஆறாத கால்விரல் கொப்புளம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தன் கை தப்புச் செய்திருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

டாக்டரம்மா வந்து இரண்டு கண்ணாடித் தகடுகளையும் பார்த்தார்.

"இது பிறவியிலேயே வர்ற வியாதி. உங்களுக்கு அம்பத்திரண்டு வயசாகுது. எதிரி வந்த மாதிரி அணுக்களை உசுப்பிவிடுற மருந்தைப் போட்டீங்களா?"

மருந்துக் குப்பியின் மூடி திறக்கப்படவே இல்லை. நாத்தனார் கதையில் மறந்துபோயிருந்தார்.

மறுபடி செய்தார், வாயே திறக்காமல். இம்முறை இரண்டுமே நீலம். குழந்தையுடையது அக்காவுடையதைவிட அடர்ந்த நீலம். நம்பாமல் நீல அணுக்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு போய்க் குழந்தையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கோளாறு இல்லைம்மா. கட்டிக்கு வேற காரணம் பாக்கலாம். உங்க பொண்ணு என்னையே தோக்கடிச்சிட்டா."

சொல்லி முடிப்பதற்குள் இருவருமே அழுதுவிட்டார்கள். அக்காவின் அழுகையில் சந்தோஷம்தான் அதிகம். பொறாமையும் கொஞ்சம் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலையே பீரோ சாவியை வேறு இடத்தில் மாற்றி வைத்துவிட்டாராம்.