முதலிடத்தை விட்டுப் பார்க்கச் சொன்னவர்

வெள்ளிக்கிழமை காலை டீ இடைவேளை முடிந்து மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. ரெஹானா மேடத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அவருடைய தங்கை பேசினார். "கலாக்கா, எங்க அக்கா போய்ட்டாங்க. வேலூர்லேர்ந்து பஸ்ல வரும்போதே நெஞ்சு வலிச்சிருக்கு. ஆஸ்பத்திரி கொண்டு போறதுக்குள்ள..." தையல் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்து வெளியே ஓடி, நானே திருப்பி அழைத்தேன். சொன்னது சரியாகத்தான் காதில் விழுந்திருந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்.

ரெஹானா மேடம் எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆன்லைன் விற்பனையைப் பார்த்துக்கொண்டவர். நான் அங்கே தையல் பிரிவின் சூப்பர்வைசர். அவரோடு பேசிப் பழகாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அவர் வேலூர்க்காரர். அவருடைய அப்பா லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், கடைசிக்கு முந்தின கடையில், செருப்பு வியாபாரம் செய்தார். கல்லூரியில் புள்ளியியல் படித்த ரெஹானா, விடுமுறை நாட்களில் அந்தக் கடையில் அமர்ந்து வருகிறவர்களுக்கு அளவு பார்த்துக் கொடுப்பாராம். சென்னையில் விளம்பர வேலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பினார். எங்கள் கம்பெனி வெளிநாட்டு ஆர்டரை மட்டும் நம்பாமல் சொந்தப் பெயரில் இணையத்தில் ஷூ விற்கத் தொடங்கிய நேரம் அது. அந்த வேலைக்கு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் அவர் எங்கள் பிரிவுக்கு வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு அமர்ந்து, தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆள் குறைக்கத்தான் வந்திருக்கிறார் என்று எங்கள் பெண்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மல்லிகா எழுந்து நேராகவே கேட்டாள்: "இன்னா மேடம், எங்களை எண்ணிக்கினு இருக்கீங்களா?"

"உங்களை இல்லம்மா, தையலை. இதை வாங்கறவங்க கிட்ட நான்தானே பேசணும்? தெரியாம இன்னான்னு பேசறது?" என்றார் அவர்.

அந்தப் பதிலை அன்று யாரும் நம்பவில்லை. நானும்தான்.

பண்டிகைக் காலத்துக்குச் சற்று முன்பு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பெரிய ஆர்டரை ரத்து செய்தார். எங்கள் முதலாளி அன்வர் சாஹிப் என்னை அழைத்து, மறைக்காமல் சொன்னார்: "கலா, ஆன்லைன்ல சேல்ஸ் ஏறலைன்னா இந்த சீசன் முடிஞ்சதும் உன் லைனை மூடற மாதிரி ஆயிடும். இப்பவே எல்லார் கிட்டயும் சொல்லி பேஜார் பண்ணாத. ஆனா உனக்குத் தெரிஞ்சிருக்கணும்." வாணியம்பாடி, ஆலங்காயம் என்று சுற்றுப்பட்டிலிருந்து அதிகாலை வேன் பிடித்து வரும் பெண்களின் முகத்தைப் பார்க்கவே அதன் பிறகு எனக்குக் கூசியது. எப்படியோ செய்தி கசிந்தது. இரண்டு பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சூழ்நிலையில்தான் சாஹிப் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் உறவினர் ஒருவர் போனை எடுத்து, தேடுபொறியில் 'லெதர் ஷூ' என்று போட்டுக் காட்டியிருக்கிறார். மேலே வந்த விளம்பரம் வேறு ஊர் கம்பெனியுடையது. எங்களுடையது அதற்குக் கீழே இருந்திருக்கிறது. "இன்னா பாய், ஆம்பூர்ல இருந்துக்கினு கீழ போய்ட்டீங்களே" என்று அவர் சிரித்தது சாஹிபுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். எந்த ரகத்தைத் தைப்பது என்று கேட்க என்னையும் அழைத்திருந்ததால் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

"யாரு இன்னா தேடினாலும் நாமதான் மொதல்ல வரணும். எவ்ளோ ஏத்தணுமோ ஏத்துங்க" என்றார் சாஹிப்.

அந்த விளம்பரங்களுக்கு ஏலம் போல விலை கேட்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. விலையைக் கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் மேலே இடம் கிடைக்கும். விளம்பரத்தை யாராவது தட்டி உள்ளே வந்தால் கம்பெனி பணம் கட்ட வேண்டும். வந்தவர் ஷூ வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

ரெஹானா மேடம் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். "மேல போனா ஜாஸ்தி பேர் உள்ள வருவாங்க சாஹிப், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வந்தவங்கள்ல எத்தனை பேர் வாங்கறாங்கன்றது வேற விஷயம். விளம்பரம் மேல நின்னதுக்காக யாரும் ஷூ வாங்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது."

"தோணுதா? கம்பெனி நெலமை தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். எங்க அப்பா கடை சந்துக்குள்ள இருந்திச்சு. பஜார் முகப்புக் கடைக்கு வர்ற கூட்டம் எங்களுக்கு வராது. ஆனா உள்ள வந்தவங்க கால்ல சேர்ந்தா வாங்குவாங்க, சேரலன்னா போய்டுவாங்க. ரெண்டு கடையிலயும் அப்படித்தான். இது நெட்டுக்கும் பொருந்துமான்னு எனக்கே நிச்சயமாத் தெரியாது. சோதிச்சுப் பார்த்துடலாம். ஒரே மாதிரி விக்கிற ஊருங்களை ரெண்டா பிரிச்சு, பாதி ஊர்ல மேல நிக்கலாம், பாதி ஊர்ல விளம்பரத்துக்குக் கேக்கற விலையைக் குறைச்சுக் கீழ எறங்கலாம். வேற எதையும் மாத்த வேணாம்."

"சீசன்லயா சோதனை?"

"சீசன்லதான் நாம தப்பா செலவு பண்ணா தாங்காது."

கடைசியில் சாஹிப், "சரி. ஆனா சேல்ஸ் எறங்கிச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். "சொல்றேன் சாஹிப்" என்றார் மேடம்.

சில நாட்கள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு விற்பனை இறங்கத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் பேக்கிங் மேஜை பாதி காலியாகக் கிடந்தது. 'கீழ எறக்கி வுட்டாங்களாம், அதான் யாரும் வாங்கல' என்ற பேச்சு கேன்டீன் வரைக்கும் போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. நேரே அவருடைய அறைக்குப் போனேன்.

"மேடம், உங்க சோதனைக்கு என் பொண்ணுங்க பொழப்புதான் கெடைச்சுதா?"

அவர் கோபப்படவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க கலாக்கா. நீங்க கேக்கறது நியாயம். இதைப் பாருங்க" என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "இந்தக் கோடு நாம கீழ எறங்கின ஊருங்க. இது மேலயே நிக்கிற ஊருங்க. ரெண்டும் ஒரே நாள்ல விழுந்திருக்கு. எடம்தான் காரணம்னா கீழ எறங்கின ஊருங்க மட்டும்தானே விழணும்? மேல நிக்கிறது ஏன் விழுது?"

"ஏன்?"

"அதான் தெரியல. ஆளுங்க வர்றாங்க, ஷூ பாக்கறாங்க, வாங்காம போய்டறாங்க. நம்ம வாசப்படியில ஏதோ தடுக்குது."

அதன் பிறகு அவர் ஒன்று செய்தார். முன்பு எங்களிடம் ஷூ வாங்கிய சிலருக்கு வரிசையாகப் போன் செய்து, எங்கள் தளத்தில் வாங்குவது போல் முயன்று பார்க்கச் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். சேலத்துப் பெண்மணி ஒருவர், "சைஸ் தொட்டேங்க, அதுக்கப்புறம் வாங்கற பட்டனே காணோம்" என்றார். மேடம் சட்டென்று எழுந்தார். அவருடைய போனில் பட்டன் தெரிந்தது. என் போன் பழையது, திரை சிறியது. அதை வாங்கிப் பார்த்தார். பட்டன் இல்லை.

சாஹிப் அதே நேரத்தில் எல்லாரையும் கூட்ட அறைக்கு வரச் சொல்லியிருந்தார். முகம் சிவந்து அமர்ந்திருந்தார். "பாத்தாச்சு உங்க சோதனை. இன்னிக்கே மேல ஏத்துங்க. அப்புறம் உங்க விஷயத்தைப் பேசலாம்" என்றார். விஷயம் என்றால் வேலை என்று அங்கே எல்லாருக்கும் புரிந்தது.

"ஏத்தறேன் சாஹிப். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை" என்று மேடம் என் போனை அவர் முன்னால் வைத்தார். "உங்க கம்பெனி ஷூவை நீங்களே ஒண்ணு வாங்குங்க."

"விளையாடறீங்களா?"

"இல்ல சாஹிப். தயவு பண்ணி."

சாஹிப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். ஷூவைத் தொட்டார். சைஸைத் தொட்டார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மறுபடி தள்ளினார். தள்ளுபடி என்று புதிதாகச் சேர்த்திருந்த ஒரு பட்டை அடியில் வந்து நின்று, வாங்கும் பட்டனை மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டையைப் போடச் சொன்னவர் சாஹிப்தான். அதை மேடம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

சாஹிப் போனை மேஜையில் வைத்தார். "இத்தனை நாளா இப்படியா?" என்றார் மெதுவாக.

"சின்ன போன்ல மட்டும். ஆனா நம்ம ஜனங்க கையில அதான் ஜாஸ்தி" என்றார் மேடம். "புதுசா ஒண்ணு சேர்த்த அன்னிக்கே நான் எல்லா போன்லயும் பார்த்திருக்கணும் சாஹிப். என் மேலயும் தப்பு இருக்கு."

அன்று மாலைக்குள் பட்டை நீங்கியது, விற்பனையும் மெல்லத் திரும்பியது. சோதனையை நிறுத்தாமல் நடத்தி முடிக்க சாஹிப் அனுமதித்தார். முடிவு வந்தபோது கீழே இறங்கிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் குறைவுதான். ஆனால் வந்தவர்களில் வாங்கியவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

"அப்ப மொத எடமே வேணாம்ன்றீங்களா?" என்று சாஹிப் கேட்டார்.

"அப்படிச் சொல்ல மாட்டேன். ஜாஸ்தியா கட்டற விலைக்கு ஜாஸ்தியா வியாபாரம் ஆனா வேணும். வீம்புக்கு வேணாம். மிச்சமாகிற பணத்தை வேற எடத்துல போடலாம். அகலப் பாதத்துக்கு ஷூ தேடறாங்க, சக்கரை நோய்க்காரங்க மெத்துனு செருப்பு தேடறாங்க. அங்க நாம நிக்கவே இல்ல. அவங்க சும்மா பார்க்க வர்றவங்க இல்ல, தேவைக்கு வர்றவங்க."

அகலப் பாத ஷூவுக்கான வேலை எங்கள் லைனுக்கு வந்தது. சீசன் முடிந்தும் லைன் மூடப்படவில்லை. பயந்து முன்பே போன இருவரில் ஒருத்தி திரும்பி வந்தாள், இன்னொருத்தி வரவில்லை. வராதவளைப் பற்றி மேடம் அவ்வப்போது என்னிடம் விசாரிப்பார். "அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா கலாக்கா?" என்பார். அந்தக் கேள்விக்கு நான் எப்போதும் "நல்லா இருக்கா" என்றே சொல்லிவந்தேன். உண்மையும் அதுதான்.

அதற்குப் பிறகு அவரும் சாஹிபும் சண்டை போடாத மாதம் இல்லை. ஆனால் எந்தப் புது யோசனை வந்தாலும், "ரெஹானா இன்னா சொல்றாங்க?" என்று கேட்காமல் சாஹிப் முடிவெடுத்ததும் இல்லை. வேலைக்கு நடுவே அடிக்கடி நெஞ்சைத் தடவிக்கொள்வார் மேடம். கேட்டால், "பிரியாணிதான் கலாக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்று சிரிப்பார். டாக்டரிடம் போங்கள் என்று பல முறை சொன்னேன். அடுத்த வாரம் என்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் லைன் முழுவதும் அவர் வீட்டுக்குப் போனது. யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். அவருடைய தங்கை என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் முகத்தைக் காட்டினார். பதில் சொல்லும் முன் ஒரு கணம் யோசிப்பாரே, அந்த முகமாகவே இருந்தது. ஆண்கள் அவரைத் தோள் மாற்றிச் சுமந்து செல்ல, முன்வரிசையில் சாஹிப் தோள் கொடுத்திருந்தார். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்றார்கள். நின்றோம். மல்லிகாதான் முதலில் வாய்விட்டு அழுதாள். தெருமுனையில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. வெள்ளைத் தொப்பிகளுக்கு மேலே அவர்மேல் போர்த்தியிருந்த பச்சைத் துணி கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு மறைந்தது.

எங்களுக்காக வாதாடிய குரலே, அமைதியாக உறங்குங்கள். நாளைக் காலை லைன் ஓடும் மேடம்.