மொட்டை பஸ்

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றிவிடுவது அவர் வேலை. பஸ் கூரையில் மூட்டை ஏற்றும்போது விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து, பெயர்கள் மட்டும் அவர் வாயில் வருவதில்லை. இடது காதுக்கு மேல் ஒரு பள்ளம். அதை மறைக்க ஓயாமல் சீப்பெடுத்துச் சீவிக்கொள்வார்.

கூவாவிட்டால் பிழைப்பு போய்விடுமே! அதனால் திருப்பதி பஸ் வந்தால், “மொட்டை, மொட்டை! ஏறு, ஏறு!” என்பார். ஜில்லா கோர்ட் இருக்கும் சித்தூர் பஸ்ஸுக்கு, “கோர்ட்டு, கோர்ட்டு!” யாரும் பஸ் மாறி ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் கேட்டேன்: “எலும்பு ஒடிஞ்சா புத்தூர் கட்டுக்கு ஊரே இங்க வருது. நீங்க கட்டு போட்டுக்கலியா?”

“தூக்கிக்கினு போனாங்க சார். கைக்கும் காலுக்கும் கட்டுனாங்க. தலைய மட்டும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போன்னுட்டாங்க.”

“உங்க பேரு?”

சீப்பு பாதியில் நின்றது.

“அது ஊட்ல கீது சார். சம்சாரம் வெச்சிக்கினு கீறா.”

நேற்று பஸ்ஸில் கண்டக்டர், “எக்கடிக்கி?” என்று எந்த ஊர் எனத் தெலுங்கில் கேட்டார். என்னையறியாமல், “மொட்டை” என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பதிக்கு டிக்கெட் கொடுத்தார்.