கஜேந்திரன் தட்டாத சுவர்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமான டயகமவில் ஆற்றில் யாராவது விழுந்தால் முதலில் கஜேந்திரனைத்தான் தேடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பாறை இடுக்கில் இறங்கினால் செத்தவர் உடலோடுதான் மேலே வருவான். உயிரோடு கொண்டுவந்தது ஒரே ஒரு கிழவரை. அவரும், "யாருடா ஒன்னத் தூக்கச் சொன்னது?" என்று ஏசினார்.

அந்த மூச்சுதான் அவனைக் கடல் கடக்க வைத்தது. ஹட்டனில் துணிக்கடை நடத்தி நொடிந்துபோன இக்ராம், வெளிநாட்டில் ஒரு கம்பெனி முகாமில் சமையல்காரராக இருந்தார். தண்ணீருக்குப் பயப்படாத ஆள் வேண்டும் என்று அங்கே கேட்டபோது, கஜேந்திரனின் பெயரைச் சொன்னது அவர்தான்.

வேலை இது. நீர்மூழ்கிக் கப்பலில் ஒளிந்து செல்லும் சிறப்புப் படையினர், எதிரியின் கரைக்கருகே, கப்பல் மேலே வராமலே வெளியேற வேண்டும். அதற்காகக் கப்பலில் ஒரு சிறிய இரும்பறை உண்டு. ஆள் உள்ளே நின்றதும் கதவை மூடித் தண்ணீரை நிரப்புவார்கள். உள்ளும் புறமும் அழுத்தம் சமமானதும் மேல்மூடி திறக்கும். வீரன் இருளில் நீந்திப் போய்விடுவான். அப்படியொரு அறையைக் கரையில் கட்டி, ஆள் உள்ளே மூச்சுவிடுவதற்கான புதிய காற்றுக் குழாய்களைக் கம்பெனி சோதித்தது. படைவீரனைப் பழக்கி எடுக்கப் பெரும் செலவாகும். முதலில் நிறுத்திப் பார்க்கக் கஜேந்திரன் போதும்.

"சோதனை எலி மாதிரி நிக்கிறேன்," என்று மனைவி சர்மிளாவிடம் போனில் சிரிப்பான்.

"எலிக்குச் சம்பளம் கெடையாது, ஒங்களுக்கு இருக்குல்ல," என்பாள் அவள்.

மாசி மாதம் அந்த அறையிலேயே செத்துப்போனான்.

அடக்கம் முடிந்தபின் கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே சிங்களத்தில் விளக்கினார். மூச்சு முட்டினால் சுவரில் மூன்று முறை தட்ட வேண்டும். கஜேந்திரனுக்கு அது தெரியும். தட்டவில்லை. ஆகவே சாகவென்றே உள்ளே போயிருக்கிறான். வீட்டில் ஏதும் சண்டையா?

சித்திரைக்கு வருவதாகச் சொல்லி மகள் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வைத்திருந்த மனிதன். சர்மிளா அதை நம்பவில்லை. இக்ராமுக்குப் போன் எடுத்தாள்.

"நானா, மறைக்காமச் சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

"கண்ணாடி வழியாப் பாத்தவன் சொன்னான் தங்கச்சி. கைய மடக்கிச் சுவத்துக்கிட்ட கொண்டுபோனானாம், அப்புறம் எறக்கிட்டானாம். ரெண்டு தரம் அப்படி. பொறகு சாஞ்சிட்டான். குழாயில கெட்ட காத்து வந்ததுன்னு பேசிக்கிறாங்க. மொதல்ல தலை சுத்துமாம், பொறகு நெனைவே இருக்காதாம்."

கை ஏன் இறங்கியது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர்களுடைய லயத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகள், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தச் சுவரில் மூன்று முறை தட்டித்தான் பக்கத்து வீட்டுக்குத் தெரிவிப்பார்கள். வேறெதற்கும் தட்டமாட்டார்கள், ஆணிகூட அடிப்பதில்லை. கஜேந்திரனின் அம்மா பேச்சியம்மா செத்தபோது, அப்பா அழகுமுத்துவுக்குக் கை எழவில்லை. சிறுபிள்ளையாக இருந்த கஜேந்திரன்தான் தட்டினான். அப்போது அம்மாவின் உடம்பில் சூடு இருந்ததென்றும், தான் தட்டியதால்தான் உயிர் அடங்கியதென்றும் கல்யாணமான பிறகும் நம்பிக்கொண்டிருந்தான்.

கம்பெனிக்காரர் மறுபடி வந்தபோது, தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்படியானால் தற்கொலை இல்லை, மூடநம்பிக்கை என்றார். எப்படிப் பார்த்தாலும் செத்தவன் மேல்தான் தப்பு. குழாயில் வந்த காற்றைப் பற்றி அவள் கேட்டபோது அவர் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எம்மகன் சாகப் போகலன்னு ஒத்துக்கிட்டான்ல, அது போதும் புள்ள," என்றார் அழகுமுத்து.

"ஒங்களுக்குப் போதும் மாமா."

சில வாரங்கள் கழித்து இக்ராம் போனில் பேசினார்.

"இப்ப அந்த அறையில மணி வச்சிருக்காங்க தங்கச்சி. வெரலால தொட்டாப் போதும். குழாய் எல்லாத்தையும் மாத்தியாச்சு. நேத்துப் படைக்காரங்க நீர்மூழ்கியில இருந்தே எறங்கினாங்க, ஒருத்தனுக்குத் தலைவலிகூட இல்ல."

"அப்ப குழாயிலதான் தப்புன்னு அவங்களுக்குத் தெரியும்."

"தெரியாமலா மாத்துவாங்க," என்றார் அவர்.

"இத நீங்க வெளிய வந்து சொல்லுவீங்களா நானா?"

"எனக்கும் புள்ளைங்க இருக்கு தங்கச்சி."

"சரி, வைங்க," என்றாள். இக்ராம் வைக்கவில்லை. அவருடைய சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.