வராதவரின் பேட்ஜ்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம், பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு சர்க்கரை ஆலையின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்தில் ஆலைக்காரர்களின் மாநாடு. விருந்தினர்களிடம் கூச்சமில்லாமல் பேசினால்தான் வேலை நிலைக்கும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

அன்று காலை வடக்கனந்தல் சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மறியலில் என் அண்ணனும் நின்றார். என் சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைத்து, "போடா, தொரைங்களுக்குப் பன்னீர் தெளிச்சிட்டு வா" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

விருந்தினர்களில் பாதிப் பேர் வரவில்லை. பன்னீர்ச் செம்போடு வாசலில் தனியாக நின்றிருந்தேன். அதிகாரி வந்து, "போட்டோ எடுக்கப் போறாங்க, முன் வரிசையில காலி தெரியக் கூடாது. வராதவங்க பேட்ஜ் ஒண்ணக் குத்திக்கினு உக்காரு" என்றார்.

நான் குத்திக்கொண்ட பேட்ஜில் வேறொரு ஆலை முதலாளியின் பெயர் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ரோடெல்லாம் மரமாக் கெடக்கு. நீங்க எப்பிடிங்க வந்தீங்க?" என்றார். காலையிலிருந்து என்னிடம் பேசிய முதல் விருந்தினர் அவர்தான். பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

"மறியல்ல எங்க அண்ணன் இருந்தாருங்க. சைக்கிளத் தூக்கி உட்டாரு."

அவர் பேட்ஜை மறுபடி படித்தார். பையை எடுத்துக்கொண்டு பின் வரிசைக்குப் போய்விட்டார். அந்த நாற்காலி காலியாகக் கிடந்தபோதுதான் போட்டோ எடுத்தார்கள்.

மாலையில் அதிகாரி பேட்ஜை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

திரும்பும்போது சாலையில் மரம் அப்படியே கிடந்தது. ஆட்கள் யாரும் இல்லை. சைக்கிளை நானே தூக்கிக்கொண்டு தாண்டினேன்.