அம்மாவின் சனிக்கிழமைகள்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். சின்னாளபட்டியில் ஒரு சேலைக்கடையில் பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன், இந்தக் கால்வலிக்கு முன்னால் பேயாவது பிசாசாவது. அதனால் நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், வாதாட எனக்குத் தெம்பில்லை.

என் அம்மா கொச்சிப் பக்கத்திலிருந்து அப்பாவோடு வந்தவள். யார் வீட்டுப் பெண் என்று சாகும்வரை சொல்லவில்லை. சனிக்கிழமை மட்டும் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள், முதல் நாள் ஆக்கியதுதான். சனீஸ்வரனுக்கு விரதம் என்று தெருவே நினைத்தது. அவள் காரியத்தன்றுகூட அத்தை, "ஒங்காத்தா என்ன சனம்னு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலையேடி" என்றாள். எனக்கும் அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

காந்திகிராமத்துக்கு ஆராய்ச்சிக்காக வந்து எங்கள் தெருவில் குடியிருந்து எங்கள் பேச்சையே பழகிக்கொண்ட தாலியா என்ற யூதப் பெண் கடைக்கு வந்தபோது, பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கையிலிருந்த சுங்குடிச் சேலையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க வீட்லயும் சனிக்கிழமை அடுப்புப் பத்த வைக்க மாட்டோம்க்கா. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுமே எங்களுக்கு அந்த நாள் ஆரம்பிச்சிரும், அப்ப வாங்க."

போனேன். அவள், அவள் கணவர், ஒரே மகள், நான், நாலே பேர். மேஜையில் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது. தாலியா மகளின் தலையில் இரு கையையும் வைத்து ஏதோ ஆசீர்வாதம் முணுமுணுத்தாள். ஐம்பது வயதில் எனக்கு அந்தப் பிள்ளைமேல் பொறாமை வந்தது, என்ன செய்ய. அடுத்து கை கழுவ வேண்டுமாம், கழுவியபின் ரொட்டி வாயில் படும்வரை யாரும் பேசக்கூடாதாம். எல்லாரும் எழுந்து போனோம். ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் என் கை சும்மா இருக்குமா, பழக்கத்தில் அணைத்துவிட்டேன். அடுப்பைப் போலவே அன்றைக்கு அவர்கள் சுவிட்சையும் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர்கள் வாய் திறக்கவும் முடியாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் என் இடப்பக்கம், காலி நாற்காலிக்குப் பின்னால், என் அம்மா பேசினாள். சத்தியமாக அவள் குரல்தான், வெற்றிலை போட்டுத் தடித்த அந்தக் குரல். தமிழ் இல்லை. எப்ராயீம், மனாசே என்று இரண்டு சொல் மட்டும் பிடிபட்டது. எதிரே மூன்று பேரும் வாய் மூடித்தான் இருந்தார்கள். பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எனக்கும் கை வைக்க வந்திருக்கிறாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். கை படவே இல்லை.

ரொட்டி தின்றதும் அந்த இரண்டு சொல்லையும் தாலியாவிடம் சொல்லி, என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அக்கா, அது ஆம்பளப் பிள்ளை தலையில கை வச்சுச் சொல்ற ஆசீர்வாதம். பொம்பளப் பிள்ளைக்கு வேற பேரு சொல்லுவோம். இன்னைக்கு இங்க யாரும் அதச் சொல்லலையே, ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அம்மாவும் தாலியாவின் சனந்தான் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தேடிப் போனது கிடைத்தும் நிம்மதி இல்லை. அவளுக்கு நான் ஒரே பிள்ளை, அப்படித்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒரு பையனைக் கொச்சியில் விட்டுவிட்டு வந்தாளா, புதைத்துவிட்டு வந்தாளா, சொல்ல ஆளில்லை. இப்போதும் சில வெள்ளிக்கிழமைகளில் கடையிலிருந்து வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல் பக்கத்தில் கேட்கிறது. ஒரு தடவைகூட எனக்கான பேரை அவள் சொன்னதில்லை.