போணிக் கை

அங்காளம்மாளுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து அவள் கடைவீதி வழியாக வரும் நேரமும் கடைகள் திறக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. அதில்தான் எல்லாம் தொடங்கியது. தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தவள் ஒருநாள் காய்க்காரி பெத்தம்மாளிடம் முதல் ஆளாகக் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாள். அன்று உச்சிப்பொழுதுக்குள் பெத்தம்மாளின் கூடை காலியாகிவிட்டது.

மறுநாள் பெத்தம்மாள் அவளை விடவில்லை. "ஏட்டி அங்காளம், போணி பண்ணிட்டுப் போ. ஒங்கையி பட்டா என் பூச்சிக் கத்தரிக்காயும் வித்துருதுட்டி."

"அப்ப பூச்சிக் கத்தரிக்காயின்னு நீயே ஒத்துக்கிடுத."

"ஒனக்கு நல்லதாத்தான் பொறுக்கிப் போட்டிருக்கேன், வாய மூடிட்டுக் காசக் குடு."

அந்தப் பேச்சு கடைக்குக் கடை பரவியது. தேங்காய்க் கடை, பாத்திரக் கடை என்று ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஜவுளிக்கடை முத்து முகம்மது, அவளைக் கண்டதும் எழுந்து நிற்பார். ஒரு கைக்குட்டை வாங்கினாலும் போதும். அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவார். குழந்தை இல்லாதவள் என்று கல்யாண வீடுகளில் பின்வரிசைக்கு ஒதுக்கப்பட்டவள் அங்காளம்மாள். அவளுக்காக ஒரு வீதியே காலையில் காத்திருந்தது. மில்லிலிருந்து வெளியே வந்ததும் குழாயடியில் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வீதிக்குள் நுழைவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அவள் போணி செய்தும் வியாபாரம் படுத்த நாட்கள் இருக்கத்தான் செய்தன. அதற்கெல்லாம் மழை, மாதக் கடைசி, மில்லில் சம்பளம் போடவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். நன்றாக ஓடிய நாளுக்கு மட்டும் யாரும் காரணம் தேடவில்லை. அது அங்காளம்மாளின் கை.

எண்பத்தெட்டில் தீபாவளிக்கு முன்பு முத்து முகம்மது பெரிதாக ஒரு புதுக்கடை திறந்தார். முதல் போணி அங்காளம்மாள். "அக்கா, ஒங்களுக்காகத்தான் பூட்டையே தொறக்காம நிக்கேன்" என்றார். அவள் ஒரு நீலச் சேலை எடுத்தாள். அன்று சாயங்காலம் மாடியில் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. தீபாவளிச் சரக்கு முழுக்கக் கருகியது.

யாரும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலை முத்து முகம்மது அவளைக் கண்டதும் உள்ளே திரும்பிக்கொண்டார். தேங்காய்க் கடைக்காரர் குனிந்து எதையோ தேடினார். பெத்தம்மாள் மட்டும் பேசினாள். "கொஞ்சம் பொறுத்து வாட்டி, இன்னும் காயி பிரிக்கல." காய் பிரித்துக் கிடந்தது.

கொஞ்ச நாளில் அவள் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினாள். அந்தத் தெருவிலும் ஒரு டீக்கடை இருந்தது; டீக்கடைக்காரரும் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கணவன் பால்ச்சாமியிடம், "இந்த ஊரு வேண்டாங்க" என்றாள். பால்ச்சாமிக்கு நெடுநாளாக மூச்சு இழுப்பு. "எந்த ஊருக்குப் போனாலும் ஒங்கையத்தான கொண்டுக்கிட்டுப் போகணும்" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு பிடித்தார்கள். அவள் வேலைக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். அந்த ஊரில் யாருக்கும் அவளைத் தெரியாது, தீயையும் தெரியாது. ஆனாலும் எந்தக் கடைக்குப் போனாலும், அவளுக்கு முன்னால் ஒருவர் வாங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

தொண்ணூற்றொன்று மார்கழியில், அவளுக்கு வார லீவான ஒரு காலையில், பால்ச்சாமிக்கு இழுப்பு கூடியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி வாயால் காற்றைத் தேடினார். மாத்திரை டப்பாவில் ஒன்றுமில்லை.

"செத்த நேரம் பொறுத்துக்கோங்க, ஓடியாந்துருதேன்."

"சீக்கிரம்…" என்றார். மேற்கொண்டு பேச மூச்சு இல்லை.

அவள் ஓடினாள். மெடிக்கல் கடைக்காரர் சௌந்தரபாண்டியன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். கடையில் யாரும் இல்லை. அங்காளம்மாள் ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்றுவிட்டாள்.

கடைக்காரர் கெட்டுப்போவாரே என்றுகூட அன்று அவள் நினைக்கவில்லை. முதல் போணியாக இந்தக் கை வாங்கும் மருந்து பால்ச்சாமிக்கு ஆகாமல் போய்விட்டால்? அந்த ஒரு நினைப்புதான். யாராவது ஒருவர் வரட்டும், ஒரே ஒருவர்.

ஒருவர் வந்தார். சில்லறை கேட்டுவிட்டுப் போனார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். ஏதோ பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அங்காளம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அத்தனை பஸ்களில் வந்து இறங்கிய கூட்டத்தில் ஒருவருக்கும் நோய் இல்லை. கடைசியில் ஒரு பெரியவர் தலைவலித் தைலம் வாங்கினார். அவர் காசு கொடுக்கும்போதே அவள் ரோட்டைத் தாண்டிவிட்டாள்.

மாத்திரையோடு வந்தபோது பால்ச்சாமி சுவரிலிருந்து சரிந்து கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரி அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

மாத்திரை முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் சௌந்தரபாண்டியன் துக்கம் கேட்க வந்தார். "அன்னைக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டே இருந்தீகளேக்கா. பஸ்ஸுக்கு நிக்கீகன்னுல்ல நெனச்சேன். கடை தொறந்துதான இருந்துச்சு?"

அங்காளம்மாள் தன் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவள் அதே வீட்டில்தான் இருந்தாள். ரேஷன் கடையோ மாவு மில்லோ, பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் போகச் சொல்வாள். "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல." அங்காளம்மக்காவுக்கு இருக்கிற பொறுமை யாருக்கு வரும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

சில காலைகளில் கடை திறந்திருக்கும், முன்னால் போக யாரும் இருக்க மாட்டார்கள். செத்த நேரம் நிற்பாள். பிறகு வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.