முதல் நாள் கேள்வி மட்டும்

கேள்வியக்கா என்று அவருக்குப் பேர் வைத்தது ஒரு மெத்தைத் தொழிற்சாலையின் காவலாளி. வாசலைத் தாண்டுவதற்குள் தன்னிடமே ஏழு கேள்வி கேட்டுவிட்டதாக அவர் சொல்லிச் சிரித்தார். பேர் ஒட்டிக்கொண்டது. கூடவே இருக்கும் தங்கைகூட, "கேள்வியக்கா, சோறு போடவா? இது என் கேள்வி" என்பாள்.

தொழில் நடத்துகிறவர்களுக்கு யோசனை சொல்வது அவர் வேலை. அதற்கென்று எங்கும் படித்ததில்லை. ஒரு பெரிய அலுவலகத்தில் பதினான்கு வருடம் தட்டச்சு செய்தார். மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளைத் தட்டித் தட்டியே எது உருப்படும், எது உருப்படாது என்று தெரிந்துகொண்டார். பிறகு மேலாளரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, வீட்டின் முன்னறையில் ஒரு மேசையும் போனும் வைத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தார். ஓர் அச்சகத்துக்குப் போன முதல் நாளே, பின்னறை வேலை தேவையில்லை என்று பட்டென்று சொல்லிவிட்டார். மறுநாளே மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பின்னறைதான் அச்சகத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். முதல் நாள் கேள்வி மட்டும். அன்று தன் வாயிலிருந்து ஒரு பதில் வந்துவிட்டாலும் அந்த இடத்தை ஏற்பதில்லை. அந்தக் கட்டுப்பாட்டால் நல்ல இடங்கள் சில கைநழுவிப் போனதுண்டு. அவர் அதற்காக வருந்தியதில்லை.

இந்த வருடம் எட்டு மாதமாகப் புதிதாக யாரும் கூப்பிடவில்லை. பழைய மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்: தட்டச்சு வேலை காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம்தான் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது.

"இதையாவது விட்டுடாதேக்கா. அந்த ஆள் முன்னாடி மறுபடி போய் நிக்கப் போறியா?" என்றாள் தங்கை.

செவ்வாய்க்கிழமை காலை போனார். நிறுவனத்தை வளர்த்தவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே எல்லோரும் அவரை அண்ணன் என்றே சொன்னார்கள். இப்போது நடத்துவது அவருடைய தம்பி. கூடத்தின் நடுவே ஒரு கண்ணாடி அறை, அதற்குள் அண்ணனின் மேசை, நாற்காலி. ஒரு பொட்டுத் தூசி இல்லை.

பசை தடவுகிற பெண்ணிடம் கேட்டாலும், வண்டி ஓட்டுபவரிடம் கேட்டாலும், முதலில் அவர்கள் கண் அந்த நாற்காலிக்குப் போனது. பிறகுதான் பதில் வந்தது. ஒரு நொடிதான். கேள்வியக்கா நோட்டில் குறித்துக்கொண்டார்.

மதியத்துக்குள் கால் கடுத்தது. கூடத்தில் வேறு இருக்கை கிடையாது. தம்பி முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்ததும் யாரோ சர்க்கரை இல்லாத டீ கொண்டுவந்து வைத்தார்கள். அப்படிப்பட்ட டீயைக் கேள்வியக்கா தொட மாட்டார். அன்று கடைசிச் சொட்டுவரை குடித்தார், நன்றாகவே இருந்தது.

மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். "எட்டுமூலைப் பெட்டி வெட்டுற அச்சைக் காணோம். ரெண்டு வருஷமா தேடறோம்."

"பின்சுவத்து அலமாரி, மேல்தட்டு. சாக்குக்கு அடியில பாரு."

பேசியது தான்தான் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. முன்பின் தெரியாத ஒருவரை 'பாரு' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மேஸ்திரி ஆச்சரியப்படவில்லை. "சரிங்கண்ணே" என்று போனவர் அச்சோடு திரும்பிவந்தார். கேள்வியக்கா காலையிலிருந்து பின்சுவர்ப் பக்கமே போகவில்லை.

தம்பி முதலாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கும் வாங்க. யோசனை ஒண்ணும் சொல்ல வேண்டாம். உக்காந்தா போதும்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது தங்கை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தொலைஞ்ச சாமான் எல்லாம் மேல்தட்டுலதானே இருக்கும்? குருட்டாம்போக்குல சொல்லியிருப்பே."

"பதில் சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

அப்போதே போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். தம்பி முதலாளி வற்புறுத்தவில்லை. டீயை எப்போதும்போல வைத்துவிடுவதாக மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முன்னறைப் போன் அடித்தது. மேஸ்திரி. ஒரு சந்தேகம் என்றார், என்னவென்று சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. கடைசி இயந்திரமும் நின்றபின், நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் அமைதி. கேள்வியக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

"சரிங்கண்ணே, புரிஞ்சுது" என்றார் மேஸ்திரி. இயந்திரங்கள் ஓடத் தொடங்கின.

போனை வைத்துவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார். "நான் வாயே திறக்கல. அவர்பாட்டுக்குச் சரிங்கறார்."

தங்கை தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"இப்ப போன்ல பசையை மாத்தச் சொன்னியேக்கா. மூணு தடவை சொன்னே."

வெள்ளிக்கிழமைவரை அவர் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் பழைய அலுவலகத்துக்கு நடந்தார். மேலாளர் நிமிர்ந்து பார்த்து, இந்தத் தடவை கேள்வி ஏதும் இல்லையா என்று குத்தலாகக் கேட்டார்.

கேள்வி எதுவும் இல்லை. எந்த மூலையானாலும் சரி, போன் இல்லாத மேசையாகக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.